புறமுதுகு காட்டிய பல் டாக்டர்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. தலையில் அடித்துச் சத்தியம் பண்ண வேண்டுமென்றாலும் பண்ணலாம். யாருடைய தலை என்பதை மட்டும் முதலிலேயே பேசி முடித்துக்கொள்ள வேண்டும். ஒரு காற்புள்ளியைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. சந்தேகப்படுகிறவர்கள் பல் டாக்டரிடமே நேரில் போய்க் கேட்டுக்கொள்ளலாம். காலையில் கிளினிக்கைத் திறந்துவிடுவார். கேள்வி கேட்க வாயைத் திறந்தால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

பல் டாக்டர் தன் கிளினிக்குக்குப் பின்னால் இருந்த அறையிலேயே குடியிருந்தார். மனைவி காலமான பிறகு அவருக்குப் பேச்சுத் துணை என்று இருந்தது காற்றடிக்கும் கம்ப்ரசர் ஒன்றுதான். சுவிட்சைப் போட்டால் உடனே பதில் சொல்லும். போடாவிட்டால் மரியாதையாகச் சும்மா இருக்கும். இப்படிப்பட்ட துணை கிடைப்பது அரிது என்று எல்லோரிடமும் சொல்லுவார். சொல்லிவிட்டு, சாயங்காலம் ஆனால் நாலு தெரு தள்ளி இருக்கும் மகள் வீட்டுக்குப் போய், அங்கே காலியாகக் கிடந்த அறையின் வாசலில் நின்று பெருமூச்சு விடுவார்.

அந்த அறையில் ஓர் இஸ்திரி மேசை, காற்று வராத ஒரு ஜன்னல், காற்று வரும் ஒரு விரிசல் ஆகியவை இருந்தன. டாக்டருக்கு அது அரண்மனை. காலையில் கண் விழித்தால் மகள் பாத்திரம் உருட்டும் சத்தம் காதில் விழும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

கெட்ட நேரம், அதே அறை மேல் இன்னொருவரும் கண் வைத்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மா, அதாவது டாக்டரின் சம்பந்தியம்மா. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடிதங்களின் மேல் முத்திரை குத்துவதுதான் வேலை. அவர் குத்தினால் மேலே இருக்கும் கடிதத்தில் மட்டுமல்ல, மேசைக்கு அடியில் அடுக்கி வைத்திருக்கும் கடிதங்களிலும் தேதி விழும் என்று சொல்வார்கள். ஓய்வு பெற்ற அன்று மேசைக்கும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இப்போது வாடகை வீட்டுக்காரர் வீட்டைத் திருப்பிக் கேட்கிறார்; எங்கே போவது என்று சம்பந்தியம்மாவுக்கும் கவலை.

இரண்டு பேரும் நாகரிகமானவர்கள். எனக்குத்தான் வேண்டும் என்று ஒரு தடவைகூட யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

"நீங்கதான் சம்பந்தி இந்த ரூமுக்குப் பொருத்தம். தனி ஆளு. வேளைக்கு ஒரு வாய் சுடச்சுடச் சாப்பிடணும்ல?" என்பார் சம்பந்தியம்மா.

"அய்யய்யோ, அதென்ன பேச்சு? மகன் வீடு. நீங்க இருக்க வேண்டிய இடத்துல நான் வந்து கால் நீட்டுவேனா?"

"நான் எங்கேயாவது ஒரு மூலைல ஒண்டிக்குவேன்."

"மூலை எனக்குப் போதும் சம்பந்தி. டாக்டர்தானே, மூலையிலேயே வேலை செஞ்சு பழக்கம்."

இப்படிப் பேசிக்கொண்டே சம்பந்தியம்மா இரண்டு பைகளை 'சும்மா இருக்கட்டும்' என்று அந்த அறையில் வைத்தார். இவர் பழைய எக்ஸ்ரே பெட்டி ஒன்றை 'பத்திரமா இருக்கட்டும்' என்று வைத்தார். அவர் தையல் மெஷினைக் கொண்டுவந்தார். இவர் சாய்வு நாற்காலியைக் கொண்டுவந்தார். கொஞ்ச நாளில் இஸ்திரி மேசை பால்கனிக்குக் குடி போனது.

மகளிடம் கேட்டால், "அவரையே கேளுங்கப்பா" என்பாள். மாப்பிள்ளையிடம் கேட்டால், "அவ சொன்னா சரிம்மா" என்பார். நல்ல ஜோடி. பொருத்தம் பார்த்தவர்களைப் பாராட்ட வேண்டும்.

மாப்பிள்ளைக்கு ஏதோ ஓர் ஆபீசில் ஏதோ ஒரு வேலை. மாமனார் இதுவரை கேட்டுத் தெரிந்துகொண்டது அவ்வளவுதான். ஆபீஸ் விட்டு வந்ததும் டிவி முன்னால் உட்கார்ந்து ஒரு கேம் ஆடுவார். அந்தக் காலத்துக் கோட்டை, தலை முதல் கால் வரை இரும்புச் சட்டை போட்ட வீரர்கள், ஆளுக்கொரு ஆயுதம். வெட்டு, குத்து, தடு. அவ்வளவுதான் கதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு பெரிய கோட்டைச் சண்டையில் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, இரண்டு சம்பந்திகளும் டிவிக்கு முன்னால் நின்று ஒருவருக்கொருவர் அறையை விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் தலை உருண்டது. திரையில்தான்.

"போதும்!" என்று கன்ட்ரோலர் இரண்டையும் நீட்டினார் மாப்பிள்ளை. "இந்தாங்க, ஆளுக்கு ஒண்ணு. நீங்களே வெட்டிக்குங்க. யார் ஜெயிக்கறீங்களோ அவங்களுக்கு ரூம்."

அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார்.

"அடுத்த ஞாயிறு வெச்சுக்கலாமா சம்பந்தி?" என்றார் சம்பந்தியம்மா.

"உங்க சௌகரியம்" என்றார் டாக்டர்.

ஒருவர் பயிற்சியை ஒருவர் பார்க்கக் கூடாது என்று மகள் சட்டம் போட்டாள். பகலில் சம்பந்தியம்மா, கிளினிக் மூடிய பிறகு டாக்டர். வாத்தியார் மாப்பிள்ளை. அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமையே எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாயிற்று, அதற்குக் கொஞ்ச நேரம்தான் ஆயிற்று என்றார். டாக்டருக்கு அது காதில் விழவில்லை. விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதல் நாள் ஆயுதத் தேர்வு. ஆயுதக் கிடங்கு என்று ஒரு திரை, சுவர் முழுக்க இரும்பு. மாப்பிள்ளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட, அது தானாகச் சுழன்றது. பக்கத்தில் நீளம், கனம், வேகம் என்று கோடுகள் ஏறி இறங்கின.

"நல்லா பாத்துக்குங்க மாமா. நீளமா இருந்தா தூரத்துல இருந்தே அடிக்கலாம், ஆனா சுத்தறதுக்கு நேரமாகும். கனமா இருந்தா ஒரே அடில ஆள் விழுவான், ஆனா உங்க ஆளுக்கு மூச்சு வாங்கும். உங்களுக்கு எது வேணும்?"

டாக்டர் மூக்குக்கண்ணாடியை இறக்கி விட்டுக்கொண்டு திரையின் பக்கத்தில் போனார். "இதையெல்லாம் எதுல போட்டுக் கொதிக்க வைப்பாங்க?"

"எதை?"

"இந்த வாளைத்தான். ஒருத்தன குத்திட்டு அப்படியே கொண்டு போய் அடுத்தவனைக் குத்துவாங்களா? தொத்திக்காது?"

"குத்து வாங்கினவன் செத்துருவான் மாமா."

"அதுக்காக?"

சுத்தம் என்று வந்துவிட்டால் டாக்டர் சாவைக்கூடச் சாக்காக ஏற்றுக்கொள்ள மாட்டார்.

கோடரியை எடுத்தார், பிடி தடிமன், விரல் நுனிக்கு வேலையே இல்லை என்று வைத்துவிட்டார். இரண்டு கைகளாலும் தூக்கும் பெருவாளை எடுத்தார். இது வாய்க்குள்ளேயே போகாதே என்றார். சங்கிலியில் முள்ளுருண்டை தொங்கும் ஆயுதம் ஒன்று வந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "பல்லுல நூலைக் கட்டிக் கதவுல மாட்டி இழுக்கறானுங்களே, அந்த வைத்தியம் இது. எடுத்து உள்ள வைங்க." ஈட்டி நீளம்தான், ஆனால் இவ்வளவு தள்ளி நின்றால் பேஷண்டுக்கு எப்படித் தைரியம் சொல்வது?

கடைசியில் குத்துவாள் அவருக்குப் பிடித்திருந்தது. கைக்கு அடக்கம். களத்தில் இறங்கினார். எதிரே ஒரு கம்ப்யூட்டர் வீரன். டாக்டர் பதறாமல் பக்கத்தில் போனார். பாதி வழியிலேயே அவன் தலையை எடுத்துவிட்டான்.

"இவன் எதுக்கு அசையறான்?"

"சண்டை மாமா இது."

"உக்காருன்னு சொன்னா உக்கார மாட்டானா?"

அன்று அவர் செத்த கணக்கை மாப்பிள்ளை சொல்ல விரும்பவில்லை. திரும்பத் திரும்ப ஆயுதக் கிடங்குக்குப் போய், கடைசியில் ஒரு மூலையில் யாரும் சீந்தாத ஊசிவாளைக் கண்டுபிடித்தார். மெலிசு, நீளம், வெட்டவே வெட்டாது. நுனி மட்டும் கூர்மை. இரும்புச் சட்டையில் இரண்டு தகடுகள் சேரும் இடுக்கில் நுழைத்துக் குத்தத்தான் அது.

டாக்டரின் கண்ணில் ஒளி வந்தது. மேலே கெட்டியான ஓடு, எங்கேயோ ஓர் இடுக்கு, இடுக்குக்குள்ளே உயிர். இதைத்தானே அவர் வாழ்நாள் முழுக்க நோண்டிக்கொண்டிருக்கிறார்?

பயிற்சி முற்றத்தில் வைக்கோல் பொம்மையை வைத்துக் குத்திப் பழகினார். "லேசா சுருக்குன்னு இருக்கும், அவ்வளவுதான்" என்று ஒவ்வொரு குத்துக்கு முன்னாலும் சொன்னார். கழுத்து இடுக்கு, தோள் இடுக்கு, அக்குள் இடுக்கு என்று ஒன்று தவறவில்லை. பொம்மை கடைசியில் வாயைக் கொப்புளித்துத் துப்பியது என்று மாப்பிள்ளை சொல்கிறார். மாப்பிள்ளை பொய் சொல்கிறவர் இல்லை.

வினை வந்தது தடுப்பில். பொம்மை திருப்பி அடிக்காது. பயிற்சி மாஸ்டர் என்று ஒருவன் இருக்கிறான், அவன் அடிப்பான். இடது பக்கம் அடி வந்தால் கன்ட்ரோலரில் இருக்கும் குச்சியை இடது பக்கம் தள்ள வேண்டும். வலது என்றால் வலது. வேறு வித்தை ஒன்றும் இல்லை. டாக்டர் ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக, நேரம் தவறாமல், எதிர்ப் பக்கம் தள்ளினார். இடது காதில் அடி விழும்போது அவருடைய வீரன் வலது பக்கம் வாளை நீட்டி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இடது மாமா! இடது!"

"இடதுதான் மாப்பிள்ளை தள்ளினேன்!"

"அது வலது!"

"அவனுக்கு இடதா, எனக்கு இடதா?"

சமையலறையிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். "விடுங்க, அது மாறாது. எனக்கு சைக்கிள் கத்துக் குடுத்தப்ப பின்னாலயே ஓடி வந்து 'வலது, வலது'ன்னு கத்துவார். நானும் நம்பி வலது பக்கம் திரும்புவேன். அங்க சாக்கடை இருக்கும்."

விஷயம் இதுதான். பல் டாக்டருக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரின் வலதுதான் வலது. திரையின் இடது ஓரத்தில் எது வந்தாலும் அவர் மூளை 'வலது கடைவாய்' என்று குறித்துக்கொள்ளும். கையும் அந்தப் பக்கமே போகும். எத்தனையோ வாய்களைப் பார்த்துப் பார்த்து ஊறிய புத்தி. ஒரு வாரத்தில் திருப்பிப் போட முடியுமா? போட்டாலும் திங்கட்கிழமை கிளினிக்கில் யாருக்கோ நல்ல பல் போய்விடும்.

நடுவில் ஒரு நாள் சம்பந்தியம்மா கிளினிக்குக்கு வந்து, காத்திருப்போர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"என்ன சம்பந்தி, பல்லுல ஏதாவது?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கு. இந்தப் பக்கமா வந்தேன், கால் வலிச்சுது, உக்காந்தேன். நீங்க பாருங்க."

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் கேன் போடும் ஆள் உள்ளே வந்தான். ஒரு கன்னம் லேசாக வீங்கியிருந்தது. டாக்டர் நாற்காலியில் வாயைத் திறந்து வைத்திருந்தவரை அப்படியே விட்டுவிட்டு, தன் சக்கர ஸ்டூலைக் காலால் உந்தி வாசல் வரை உருண்டு போய், கேன் ஆளின் தாடையைப் பிடித்துவிட்டார். அவன் தோளில் இருந்த கேனை இறக்கக்கூட விடவில்லை. உள்ளே இருந்தவர் "ஆ, ஆ" என்று கூப்பிட்டும் காதில் விழவில்லை. சம்பந்தியம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கால் வலி விட்டுடுச்சு, வரேன்" என்று எழுந்து போனார். பயந்துபோய்த் தன்னை நோட்டம் பார்க்க வந்திருக்கிறார் என்று டாக்டர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமும் பயிற்சி மாஸ்டர் கையால் உதை. டாக்டருக்கு வெறுத்துவிட்டது. "போங்கடா நீங்களும் உங்க இடதும்" என்று, உட்கார்ந்த ஸ்டூலோடு டிவிக்கு முதுகைத் திருப்பிக்கொண்டார். கோபத்தில்கூடக் கன்ட்ரோலரைக் கீழே வைக்கவில்லை. எதிரே சோபா. சோபாவுக்கு மேலே சுவரில் ஒரு பெரிய கண்ணாடி. கண்ணாடிக்குள் டிவி, டிவிக்குள் மாஸ்டர் வாளை ஓங்குகிறான்.

டாக்டரின் கட்டைவிரல் தானாக அசைந்தது. டங் என்று ஒரு சத்தம். அடி தடுக்கப்பட்டுவிட்டது. மறுபடி ஓங்கினான். டங். மேலேயிருந்து, பக்கத்திலிருந்து, எப்படி அடித்தாலும் டங்.

கண்ணாடியில் எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும். டாக்டருக்குள்ளும் இடம் வலம் மாறித்தான் இருந்தது. இரண்டு கோணலும் சேர்ந்து நேராகிவிட்டன. அது போதாதென்று, கண்ணாடியைப் பார்த்து வேலை செய்வது பல் டாக்டருக்குக் கைவந்த கலை. நேராகப் பார்த்துச் செய்யச் சொன்னால்தான் தடுமாறுவார். அதற்கப்புறம் நடந்ததை நம்பினாலும் நம்பாவிட்டாலும் ஒன்றுதான்: அந்த வாரக் கடைசியில் பயிற்சி மாஸ்டர் ஒரு கையால் வாளையும் ஒரு கையால் வாயையும் பிடித்துக்கொண்டு சண்டை போட ஆரம்பித்தான்.

"அத்தை என்ன ஆயுதம்னு தெரியுமா?" என்று மகள் சனிக்கிழமை கிசுகிசுத்தாள். "சம்மட்டி. வேற எதையும் திரும்பிக்கூடப் பாக்கல. அதோட உங்க ஊசிவாளைப் பத்தி அவங்ககிட்டயும் சொல்லிட்டேன்."

"ஏம்மா!"

"அப்பதான் நியாயம்ப்பா."

ஞாயிறு வந்தது. டாக்டர் கிளினிக்கிலிருந்து தன் சொந்தச் சக்கர ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார். சம்பந்தியம்மா ஒரு கைப்பையோடு வந்தார். மூன்று சுற்று, இரண்டு ஜெயித்தவருக்கு அறை. மாப்பிள்ளை நடுவர். மகள் யார் பக்கமும் இல்லை என்று சொல்லிவிட்டு அப்பாவுக்குச் சர்க்கரை கூடப் போட்டுக் காபி கொடுத்தாள்.

சம்பந்தியம்மா சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். டாக்டர் டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"என்ன சம்பந்தி, சண்டை ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே புறமுதுகா?"

"கழுத்துல சுளுக்கு. இப்படி உக்காந்தாத்தான் சௌகரியம்."

"பாவம். ரூமுக்குள்ள விரிசல் காத்து வேற. உங்க சுளுக்குக்கு ஆகவே ஆகாது."

முதல் சுற்று தொடங்கியது. சம்பந்தியம்மாவின் வீரன் ஒரு கதவு அகலத்துக்கு இருந்தான். சம்மட்டி அவன் தலையை விடப் பெரிது. டாக்டர் கண்ணாடியில் பார்த்தார். சம்மட்டி இறங்கியது. தடுக்க வாளை நீட்டினார். சம்மட்டி அவர் மேல் விழாமல் தரையில் டப் என்று விழுந்தது. குறி தவறிவிட்டது என்று அவர் வாளை இறக்கிய அதே நொடியில் டொப் என்று இரண்டாவது அடி மண்டையில் இறங்கியது. மறுபடி டப், மறுபடி டொப். டாக்டரின் வீரன் கல்தரையில் தட்டையாகக் கிடந்தான். நெஞ்சில் தேதி மட்டும்தான் இல்லை.

"முடிஞ்சுதா?" என்றார் சம்பந்தியம்மா. "நான் இன்னும் கை உதறவே இல்ல."

இரண்டாம் சுற்றில் டாக்டர் எட்டி நின்று அந்தத் தாளத்தைக் கேட்டார். டப், டொப். டப், டொப். எங்கேயோ கேட்ட சத்தம். பார்சல் அனுப்பப் போய்த் தபால் நிலையத்தில் நின்ற மதியங்கள் நினைவுக்கு வந்தன. மைப்பெட்டியில் ஒரு குத்து, கடிதத்தில் ஒரு குத்து. மை தொடாமல் முத்திரை குத்த சம்பந்தியம்மாவின் கை ஒத்துக்கொள்ளாது. முதல் அடி எப்போதும் மைப்பெட்டிக்கு, இரண்டாவதுதான் ஆளுக்கு!

அடுத்த டப்புக்கு டாக்டர் தடுக்கவே இல்லை. சம்மட்டி தரையில் மை தொட்டுக்கொண்டிருக்கும்போது, நீட்டிய கையின் அக்குள் இடுக்கில் ஊசிவாளை நுழைத்தார். "சுருக்குன்னு இருக்கும்" என்றார் வாய்க்குள். டப், சுருக். டப், சுருக். கதவு அகலத்து வீரன் மண்ணைக் கவ்வினான்.

"அப்பா!" என்று யார் பக்கமும் இல்லாத மகள் கை தட்டிவிட்டாள்.

"தொண்டை வறளுது" என்று சம்பந்தியம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். திரும்பி வந்தவர் பழைய ஓரத்தில் உட்காராமல், சோபாவின் நடுவில், நேராகக் கண்ணாடிக்குக் கீழே உட்கார்ந்தார்.

மூன்றாம் சுற்று. டாக்டரின் கண் கண்ணாடியில். டப், சுருக். டப், சுருக். எதிரியின் உயிர்க்கோடு பாதிக்கும் கீழே வந்துவிட்டது. டாக்டருக்குள் பாத்திரம் உருளும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. எக்ஸ்ரே பெட்டியை ஜன்னலோரம் வைப்பதா, கதவோரம் வைப்பதா? இன்னும் இரண்டு குத்துதான். கண்ணாடியின் கீழ் விளிம்பில் ஏதோ அசைந்தது. பார்வை ஒரு நூலிழை கீழே இறங்கியது.

சம்பந்தியம்மாவின் கன்னம். இடது பக்கம், கீழ்த்தாடை, கடைசிப் பல் இருக்கும் இடம். புடைத்திருந்தது. நல்ல உருண்டையான புடைப்பு.

பார்க்காதே என்று டாக்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணாடிக்குத் திரும்பினார். டப், சுருக். கடைசிக் குத்து ஒன்றே ஒன்றுதான் பாக்கி. இந்த அளவு வீங்கியிருக்கிறதென்றால் உள்ளே சீழ் கட்டியிருக்கும். நேற்று இருந்திருக்காது. அன்றைக்குக் கல்லு மாதிரி இருக்கு என்றாரே! இன்று ராத்திரி காய்ச்சல் வரும். கன்னம் லேசாக அசைந்தது. புடைப்பு கொஞ்சம் முன்னால் நகர்ந்தது. நகர்கிற வீக்கத்தை டாக்டர் தன் ஆயுளில் பார்த்ததில்லை.

கால் தானாகத் தரையை உந்தியது. சக்கர ஸ்டூல் கடகடவென்று உருண்டு சோபாவுக்கு முன்னால் போய் நின்றது. கன்ட்ரோலர் மடியில், கை சட்டைப் பையிலிருந்து டார்ச்சை எடுத்துவிட்டது.

"மாமா! என்ன பண்றீங்க? சண்டை நடக்குது!"

"எத்தனை நாளா இருக்கு சம்பந்தி? ஏன் எங்கிட்ட சொல்லல? ஆ சொல்லுங்க."

"ஆ" என்றார் சம்பந்தியம்மா, மிகவும் பணிவாக.

டாக்டர் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். பல் ஒன்றுக்கும் குறைவில்லை. நிஜமாகவே கல்லு மாதிரிதான் இருந்தது. பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒரு பெரிய பெப்பர்மின்ட் மிட்டாய், பாதி கரைந்து, ஒய்யாரமாக உட்கார்ந்திருந்தது.

முதுகுக்குப் பின்னால் டப் என்றது. பிறகு டொப் என்றது. டப், டொப். டப், டொப். திறந்த வாயை மூடாமல், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், சம்பந்தியம்மா எல்லாக் கடிதங்களுக்கும் முத்திரை குத்தி முடித்தார்.

"மிட்டாயா?" என்றார் டாக்டர்.

சம்பந்தியம்மா அதை மறு கன்னத்துக்குத் தள்ளினார். "ஆயுதத்தைத் தேர்ந்தெடுக்கறதுக்கு முன்னால எதிராளியைப் பாக்கணும்னு என் பையன்தான் சொல்லிக் குடுத்தான். வந்து பாத்தேன். பெஞ்ச்ல உக்காந்து நல்லாவே பாத்தேன்."

"இது அநியாயம்மா!" என்றார் நடுவர்.

"எதுடா அநியாயம்? மிட்டாய் சாப்பிடக் கூடாதுன்னு சட்டம் போட்டிருக்காளா உன் பொண்டாட்டி?"

மகள் யோசித்துப் பார்த்தாள். போடவில்லைதான்.

டாக்டர் டார்ச்சை அணைத்துப் பையில் போட்டார். "எப்படியோ, நீங்க ஜெயிச்சதுதான் எனக்குச் சந்தோஷம் சம்பந்தி. நான் முதல்லயே சொன்னேனே, ரூம் உங்களுக்குன்னு" என்றார். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார். கிளினிக்கில் கம்ப்ரசர் காத்துக்கொண்டிருக்கும்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் சம்பந்தியம்மா.

"வீட்டுக்கு."

"நல்லா இருக்கு! ஆபீஸ் போறவங்க போயிட்டா நான் யாரைக் குத்தறது? கம்ப்யூட்டர்காரன் எல்லாம் ஒரே குத்துல படுத்துக்கறான். அந்த ஸ்டூலை அங்கயே வைங்க. கிளினிக்கைக் கொஞ்சம் சீக்கிரம் மூடிட்டு வாங்க. ஹால்ல இந்த சோபா ராத்திரி பூரா சும்மாத்தான் கிடக்குது."

"சேச்சே, உங்களுக்கெல்லாம் எதுக்குச் சிரமம்?" என்றார் டாக்டர், சோபாவின் நீளத்தைக் கண்ணால் அளந்துகொண்டே. கால் நீட்டினால் கொஞ்சம் இடிக்கும். ஆனால் அந்த அறையைவிடச் சோபாதான் சமையலறைக்குப் பக்கம். பாத்திரச் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்கும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. எக்ஸ்ரே பெட்டி அன்றே சோபாவின் தலைமாட்டுக்கு வந்துவிட்டது. சும்மா இருக்கட்டும் என்றுதான்.

இப்போது இரண்டு சம்பந்திகளும் ஒரே அணி. உலகத்தின் எந்த மூலையிலிருந்து எவன் களத்தில் இறங்கினாலும், சம்மட்டி தரையில் டப் என்றதும் ஊசிவாள் இடுக்கில் புகுந்துவிடுகிறது; மிச்சம் இருந்தால் டொப். கடல் தாண்டி ஏதோ ஒரு நாட்டில் ஒரு பெரிய வீரன், இவர்கள் இருவரும் வருவதைப் பார்த்ததும் வாளைக் கீழே போட்டுவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றி, தானாகவே 'ஆ' காட்டினானாம். கடைவாயில் ஒரு சொத்தை இருந்தது. டாக்டர் திரையிலேயே கண்டுபிடித்துச் சொன்னார்.

மகள் காலையில் பாத்திரங்களை வேண்டுமென்றே கொஞ்சம் பலமாக உருட்டுகிறாள்.

நேரில் போய்க் கேட்கப் போகிறவர்களுக்கு ஒன்று மட்டும்: பல் டாக்டருக்குக் கல்யாணமே ஆகவில்லை.